புதுக் கத்திக்கு வயசு ஏற்றுவது

கார்பன் ஸ்டீல் கத்தியை முதல்முறையாக வாங்கியவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் ஒரு சந்தேகம் வந்துவிடும்: நம்மை ஏமாற்றிவிட்டார்களோ? வெங்காயம் நறுக்கிவிட்டுப் பார்த்தால், பளபளவென்று வந்த அலகில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக ஏதோ படர்ந்திருக்கும். எலுமிச்சையை வெட்டினால் சாம்பல் நிறம். மாங்காய் என்றால் கேட்கவே வேண்டாம். உடனே ஸ்க்ரப்பரை எடுத்துத் தேய்ப்பார்கள், மறுநாள் மறுபடியும் கறை வந்து நிற்கும். எவர்சில்வரோடு வளர்ந்த நமக்குக் கறை பிடிக்கும் பாத்திரமும் மட்டம், கறை பிடிக்கும் கத்தியும் மட்டம்.

அந்தக் கறையை வேண்டுமென்றே, ஒரு சாயங்காலத்துக்குள், அலகு முழுக்க வரவழைப்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கத்திப் பிரியர்கள் இதைப் பேட்டினா ஏற்றுவது என்பார்கள். துருவிலிருந்து பாதுகாப்பு என்று காரணம் சொல்வது வழக்கம். அது உண்மைதான். ஆனால் பாதிக்கு மேல் அழகுக்காகத்தான் செய்கிறோம். நான் முழுக்கவே அழகுக்காக. பாதுகாப்பு என்பது வீட்டில் கேட்டால் சொல்ல வைத்திருக்கும் பதில்.

இரும்பு காற்றிலும் ஈரத்திலும் இருந்தால் ஏதாவது ஒன்றாக மாறியே தீரும். எதுவாக மாறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செந்துரு என்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. அது இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும், பொருக்குப் பொருக்காக உதிரும், இடையில் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒருமுறை ஆரம்பித்தால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கறுப்பு ஆக்சைடான மேக்னடைட்டின் குணம் வேறு. (சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புத் தாதுவும் மேக்னடைட்தான்.) மெல்லிசாக, இறுக்கமாக உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். துருவை அடியோடு தடுக்காது, தாமதப்படுத்தும். உப்புக் காற்றடிக்கிற சென்னையில் அந்தத் தாமதமே பெரிய உபகாரம்.

இன்னொரு வகைக் கறுப்பும் உண்டு. வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்குக் கை கறுப்பது தெரியும். அதற்காகத்தான் முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம், நறுக்கியதை மோர்த் தண்ணீரில் போடுகிறோம். வாழைப்பூ, வாழைக்காய், டீ, கடுக்காய் எல்லாவற்றிலும் டானின் இருக்கிறது. டானின் இரும்பைத் தொட்டால் நீலம் பாய்ந்த ஒரு கறுப்பு பிறக்கும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுகிறவர்கள் இதே வித்தையைத்தான் பயன்படுத்துகிறார்கள். துணியைக் கடுக்காய்ப் பாலில் நனைத்து உலர்த்துவார்கள். பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்துக்கொள்வார்கள். அந்தத் தண்ணீர் துணியில் பட்ட இடத்தில் கறுப்பு எழும். ஆக, வாழைக்காய் வெட்டிய கத்தியில் நாம் பார்ப்பதும் ஒருவகைச் சாயம்தான்.

இதெல்லாம் கார்பன் ஸ்டீலுக்கு மட்டும். ஸ்டெயின்லெஸ்ஸில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றுப் பட்டதுமே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். வினிகரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் காலையில் கத்தி சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரியாவிட்டால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு அரைமணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். புள்ளி விழுந்தால் கார்பன்.

நான் எடுத்துக்கொண்டது ஓப்பினெல் 8-ம் நம்பர் மடக்குக் கத்தி, கார்பன் ரகம். பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஓப்பினெல் என்பவர் 1890-ல் ஆரம்பித்த கத்தி. ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, இரண்டு வளையம். அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. அலகைத் திறந்ததும் பூட்டிக்கொள்ள உதவும் வெளி வளையம்கூட 1955-ல்தான் வந்தது. 8-ம் நம்பரின் அலகு எட்டரை சென்டிமீட்டர். சுமார் 0.9 சதவீதம் கார்பன் உள்ள எஃகு, அதனால் கறை ஆசையாகப் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ரகமும் உண்டு, வாங்கும்போது அலகில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். முடி சூட்டிய கை ஒன்று சின்னமாக இருக்கும், அதன் பக்கத்தில் ரகம் எழுதியிருக்கும்.

இந்தக் கத்தியில் ஒரு தொல்லை. பிடி வெறும் மரம். ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும், அப்புறம் அலகு உள்ளே மாட்டிக்கொண்டு நகத்தால் இழுத்தாலும் வராது. பிடியின் பின்பக்கத்தை மேசையில் ஓங்கித் தட்டி அலகை வெளியே எட்டிப்பார்க்க வைப்பது சவோய்க்காரர்களின் பழக்கம். நவம்பர் மாதச் சென்னையில் அதையே நானும் செய்கிறேன். அதனால் வினிகரில் முக்கும்போது வளையத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பிடி நனையவே கூடாது.

வேலையில் முக்கால்வாசி, முக்குவதற்கு முன்பே முடிந்துவிடும். அலகில் எண்ணெய் இருந்தால் அமிலம் அந்த இடத்தைத் தொடாது. புதுக் கத்தியில் கம்பெனியே துருப்பிடிக்காமல் இருக்க ஏதாவது தடவித்தான் அனுப்பும். பாத்திர சோப்பு, வெந்நீர், அப்புறம் நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சு. கழுவிய அலகில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே படலமாக விரிந்து நிற்க வேண்டும். அதற்குமேல் அலகை விரலால் தொடவே கூடாது. தொட்டால் கட்டைவிரல் ரேகை சுழி சுழியாக அப்படியே வெள்ளையாக விழும், போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த மாதிரி.

முன்னதாக 600-ம் நம்பர் உப்புத்தாளால் அலகை நீளவாக்கில் லேசாக ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வது நல்லது. கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏறிய பரப்பில் கறை சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பலசரக்குக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரே போதும். அதில் சுமார் 4 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கி, உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி, கத்தியைக் குத்தவைத்த மாதிரி இறக்கினால், ஒன்றிரண்டு நிமிடத்தில் அலகின் மேல் கடுகைவிடச் சின்னதாகக் குமிழிகள் கட்டும். ஹைட்ரஜன். சில குமிழிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து அசையாமல் இருக்கும், அங்கே புள்ளி விழும். அதனால் அடிக்கடி டம்ளரில் அலகை ஆட்டிவிட வேண்டும். இன்னொன்று, வினிகரின் மட்டம் ஒரே இடத்தில் நின்றால் அங்கே கறுப்பாகக் கோடு விழுந்துவிடும். காற்றும் அமிலமும் சேர்ந்து வேலை செய்கிற இடம் அது. மேலும் கீழும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே இருந்தால் கோடு கரைந்து மங்கலாகிவிடும்.

பத்து நிமிடம் கழித்து வெளியே எடுத்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். அழுக்குச் சாம்பல் நிறம், தொட்டால் விரலில் கரி. அது பேட்டினா இல்லை, இரும்பு கரைந்து போனபின் மிஞ்சிய கசடு. ஓடும் தண்ணீரில் பஞ்சால் துடைத்துவிட்டால் அதற்குக் கீழே நிஜமான நிறம் தெரியும்: மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நீலம். இந்த நேரத்தில் கத்தியை அப்படியே வைத்துவிட்டு போன் பேசப் போகக் கூடாது. ஈரம் காய்வதற்குள் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்துவிடும். கழுவு, துடை, உடனே மறுபடி முக்கு. இரண்டாவது மூன்றாவது முக்கலில்தான் நிறம் கெட்டிப்படும்.

அதன்பிறகு காபி. சர்க்கரை போடாத இன்ஸ்டன்ட் காபியைக் கண்றாவியான கெட்டியில் கலக்கி ஆறவைத்து, அதில் சில மணி நேரம். வினிகர் மாதிரி இது கடிக்காது. மெதுவாகக் கறுப்பை மட்டும் படியவைக்கும். எஃகில் அலையலையாகக் கோலம் தெரியும் டமாஸ்கஸ் கத்தி செய்கிறவர்கள் கடைசிக் கட்டமாக இதைச் செய்வதைப் பார்த்துத்தான் பழகிக்கொண்டேன். ஃபில்டர் டிகாக்ஷனை இதற்கு வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

முடிந்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசினால் மிச்ச அமிலம் செத்துவிடும். அப்புறம் கொதிக்கும் தண்ணீரை அலகின் மேல் ஊற்றுங்கள். இது சும்மா சடங்கு இல்லை. செந்துரு கொஞ்சம் மிஞ்சியிருந்தால் கொதிநீரில் அது கறுப்பு ஆக்சைடாக மாறும். அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குழாய்களுக்குக் கருநீலம் ஏற்றியது இந்த வழியில்தான்: துருப்பிடிக்கவிட்டு, கொதிக்கவைத்து, தேய்த்து, மறுபடி துருப்பிடிக்கவிட்டு. சூட்டிலேயே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். சமையலறைக் கத்தி என்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது, கெட்டுப்போய் வாடை அடிக்காது. தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை. நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

கடைசியில் சாணைக் கல்லில் வாயை மட்டும் தீட்ட வேண்டும். அமிலம் வாயையும் தின்றிருக்கும். தீட்டி முடித்ததும் கறுத்த அலகின் ஓரத்தில் வெள்ளிக் கம்பி ஓடியது போல் ஒரு கோடு வரும். இத்தனை பாடும் அந்தக் கோட்டுக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது: “ஏன்ப்பா, நல்லா இருந்த கத்தியை இப்படிக் கரிச்சட்டி ஆக்கி வச்சிருக்க? எங்க அப்பத்தா அருவாமனையைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு வெள்ளையாக்கப் பாத்துச்சு. நீ தலைகீழா நிக்கிற.”

வேறு வழிகளும் இருக்கின்றன. கடுகு சாஸை விரலால் புள்ளி புள்ளியாக வைத்து, காய்ந்ததும் கழுவிவிட்டு மறுபடி வைப்பது வெளிநாட்டில் பிரபலம். சாஸின் நடுவைவிட ஓரத்தில் காற்று அதிகம் படுவதால் வளையம் வளையமாகக் கோலம் விழும். எனக்குப் பிடிக்கவில்லை. கத்தி பழசான மாதிரித் தெரியாது, தேமல் வந்த மாதிரித் தெரியும். நம் ஊர் வழி என்றால் வாழைக்காயைத் தோலோடு வெட்டி, கறை வடிய வடிய அலகில் தேய்த்துக் காயவிடுவது. நேரம் பிடிக்கும், சமமாகவும் வராது. ஆனால் அந்த ஊதா கலந்த கறுப்பு வேறு எதிலும் வராது.

ஃபெரிக் குளோரைடுதான் இதில் பெரிய ஆள். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் சர்க்யூட் போர்டில் செம்பை அரிப்பதற்கு வைத்திருப்பது, ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒரு பங்கு கரைசலுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால்கூட நிமிடக் கணக்கில் அலகு கறுத்துவிடும். பொடியாக வாங்கினால் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். சட்டையில் பட்டால் மஞ்சள் கறை ஜென்மத்துக்கும் போகாது. அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரமே ஓட்டையாகும். ஸ்டெயின்லெஸ்ஸையும் குளோரைடு குழி குழியாக அரிக்கும் என்பதால் சமையலறை சிங்க் பக்கம் போகவே வேண்டாம்.

கறுப்பாக்கியபின் ஒரு டப்பாவில் கூழாங்கல்லும் கொஞ்சம் எண்ணெயும் போட்டு, கத்தியையும் உள்ளே போட்டுக் குலுக்கினால், ஆயிரம் இடத்தில் இடித்து இடித்துப் பல வருஷம் புழங்கிய தோற்றம் வரும். கம்பெனிகள் இதையே மெஷினில் செய்து ஸ்டோன்வாஷ் என்ற பெயரில் விற்கின்றன. மடக்குக் கத்தியை மட்டும் கழற்றாமல் இப்படிக் குலுக்காதீர்கள்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் புகை அலமாரியில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பானர் எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைத்துவிடும். பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம், எஃகைக் குழி விழ அரிக்கும். எந்த அமிலத்தோடு அது சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

அமிலத்தில் கத்தியை முக்குவது ஒன்றும் புதுசு இல்லை. கொஞ்சம் பின்னால் போனால் அது தோற்றத்துக்காகக்கூட இல்லை, எஃகின் உள்ளே இருப்பதைப் பார்ப்பதற்காக. தென்னிந்தியாவில் மூசையில் (உலோகம் உருக்கும் மண்குடுவை) உருக்கிச் செய்த எஃகை வெளிநாட்டார் வூட்ஸ் என்றார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்விலேயே இரும்பு, எஃகு வேலை நடந்ததற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இந்த எஃகுக் கட்டிகள் கடல் தாண்டிப் போய்ப் பாரசீகத்திலும் சிரியாப் பக்கத்திலும் வாள்களாயின. தட்டி, தேய்த்து, மெருகிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரும்பு சல்பேட் கரைசலைத் தடவினால்தான் அலையலையாக நீரோட்டம் மாதிரிக் கோலம் எழும். கார்பன் செறிந்த சிமென்டைட் துகள்களை அமிலம் அவ்வளவாகத் தொடாது, அவை வெளுப்பாக நிற்கும். சுற்றியிருக்கும் எஃகு கறுக்கும். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன், 1819-ல், இந்த வூட்ஸைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். கார்பனை விட்டுவிட்டு அலுமினியம் மாதிரி வேறெதையோ அவர் காரணமாக நினைத்தார். அந்தத் துகள்கள் வரிசை கட்டி நிற்பதற்கு வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதே காரணம் என்று 1998-ல் உலோகவியலாளர் வெர்ஹோவன், கத்தி செய்பவரான பென்ட்ரே குழுவினர் காட்டினார்கள்.

இன்று டமாஸ்கஸ் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, மடித்து அடித்தது. நிக்கல் கலந்த அடுக்கு அமிலத்தில் பளிச்சென்று நிற்கும், மற்றது கறுக்கும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் வருவதில் பல, சாதாரண ஸ்டெயின்லெஸ்ஸின் மேல் லேசரால் கோலம் போட்டவை. கண்டுபிடிக்க அதே அமிலம்தான் வழி. ஓரத்தில் உப்புத்தாளால் தேய்த்துக் கோலத்தை அழித்துவிட்டு ஃபெரிக் குளோரைடு தடவினால், உண்மையான அடுக்காக இருந்தால் கோலம் திரும்ப எழும். லேசர் கோலம் போனது போனதுதான்.

அதனால் அமிலம் ஏற்றிய கறுப்பைப் போலி என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பெயின்ட் அடித்தால் போலி. இது அந்த எஃகே மாறிய நிறம், அடுப்படியில் பத்து வருஷத்தில் நடப்பது சீக்கிரம் நடந்திருக்கிறது. எங்கள் பக்கம் திருப்பாச்சேத்தி அருவாள் உலைக்களத்தை விட்டு வரும்போதே உடம்பு கறுப்பாகத்தான் இருக்கும், காய்ச்சி அடிக்கும்போது படிந்த ஆக்சைடு. வாயை மட்டும் தீட்டிக் கொடுப்பார்கள். அதை யாரும் போலிப் பழசு என்று சொன்னதில்லை.

ஆனால் நிறத்தோடு சரி. அதற்கு மேல் அமிலத்தால் ஆகாது. ஊரில் இருக்கும் அப்பத்தாவின் அரிவாள்மனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். அலகின் மேல்பக்கம், தேங்காய்த் துருவிக்குக் கீழே, கொல்லாசாரி அடித்துக் கொடுத்த அகலத்தில் அப்படியே இருக்கிறது. நடுவில், காயை வைத்து இழுக்கிற இடத்தில், உள்ளே குழிந்து பிறை மாதிரி ஒடுங்கியிருக்கிறது. தீட்டித் தீட்டித் தேய்ந்து போன இரும்பு அது. பலகைக்குள் அலகு இறங்குகிற இடத்தில் தண்ணீர் தேங்கிச் செம்பழுப்பாகத் தடித்திருக்கிறது. கறுப்பும் ஒரே மாதிரி இல்லை. கை படாத முதுகுப் பக்கம் மந்தமான கறுப்பு, காய்கள் உரசிப்போகும் பக்கவாட்டில் சாம்பல் பளபளப்பு. பலகையில் காலை ஊன்றுகிற இடம் வழுவழுவென்று இருக்கிறது, மற்ற இடத்தில் மரத்தின் ரேகை புடைத்து நிற்கிறது. இடது பக்கத்தைவிட வலது பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது, அப்பத்தா உட்கார்ந்த வாகு.

பழைய பொருள் என்று சொல்லி விற்கும் கத்தி, பாக்குவெட்டி எதையாவது கையில் எடுத்தால் நான் இப்போது நிறத்தைப் பார்ப்பதே இல்லை. வடிவத்தைப் பார்க்கிறேன். அலகு முழு அகலத்தோடு, தீட்டிய தடமே இல்லாமல், ஆனால் தலை முதல் கால் வரை ஒரே சீராகக் குழி விழுந்து துருவேறியிருந்தால் அது உப்பிலோ அமிலத்திலோ படுத்து எழுந்து வந்தது. கை பிடிக்கும் இடத்திலும் பள்ளத்திலும் ஒரே அளவு துரு எப்படி வரும்? பாக்குவெட்டி என்றால் இரண்டு தகடும் சேருகிற ஆணியைப் பார்க்க வேண்டும். உண்மையிலேயே புழங்கியதில் ஆணித் துளை லேசாக நீள்வட்டமாகி ஆட்டம் கண்டிருக்கும், உள்தகடு நடுவில் தேய்ந்திருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் ஒரு மத்தியானம் நின்று நல்ல பாக்குவெட்டிகளாக எடுத்து எடுத்துப் பார்த்தாலே கண் பழகிவிடும். வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை.

என் ஓப்பினெல்லை யாரும் தாத்தா கத்தி என்று நம்பப் போவதில்லை, நம்பவைக்கும் எண்ணமும் இல்லை. எலுமிச்சை வெட்டினால் அந்த இடத்தில் கறுப்பு கரைந்து வெளுக்கும், மாங்காய் வெட்டினால் மறுபடி கறுக்கும். நான் ஏற்றிய ஒரே சீரான நிறம் இப்போதே பாதி கலைந்துபோய், காய்கறிகள் தங்கள் இஷ்டத்துக்கு வரைந்துகொண்டிருக்கின்றன. சாணை பிடிக்கிறவர் சைக்கிளோடு வந்தால் மட்டும் இதைக் கொடுப்பதில்லை. அவர் சக்கரத்தில் வைத்தால் ஒரே இழுப்பில் பக்கவாட்டையும் சேர்த்து வெளுக்கவைத்துத்தான் கொடுப்பார், அதுதான் அவருக்கு நல்ல வேலை.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் நிஜமாகவே பழைய கத்தியோ அரிவாள்மனையோ பாக்குவெட்டியோ இருந்தால், மேலே சொன்ன எதையும் அதில் செய்யாதீர்கள். செந்துரு இருந்தால் எண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய ஸ்டீல் கம்பளியால் துருவை மட்டும் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். கறுப்பு இருக்கும் இடத்தில் கை வைக்க வேண்டாம், பாலிஷும் வேண்டாம். துடைத்து, எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி வையுங்கள். தோலுறையில் போட்டு வைத்தால் தோல் பதனிட்ட ரசாயனமே ஈரத்தோடு சேர்ந்து அலகைத் தின்னும். வினிகர் பரிசோதனைக்கு மலிவான கார்பன் கத்தி ஒன்று சந்தையில் கிடைக்கும், அதில் ஆரம்பியுங்கள்.